வாத்தியாரின் தமிழ்ப்பற்று

பிரெஞ்சுத் தலைநகரில், தமிழர் கூடும் லா சப்பலில் எங்கள் தேவாலய மண்டபத்துக்கு வந்த அந்த மிஷன் வாத்தியாரை நினைத்தால் இன்றும் ‘சீ’ என்றுதான் வருகிறது. பசிபிக் தீவொன்றில் படிப்பிக்கிற யாழ்ப்பாணத்தார் அவர்.

“எங்கடை பள்ளிக்கூடத்திலை பிரெஞ்சு மட்டும்தான். பிள்ளையள் தங்கடை தீவுப் பாசை கதைச்சால் முழங்காலிலை நிப்பாட்டுவம்,” என்று மேடையில் பெருமையடித்தார். எல்லோரும் கைதட்டினார்கள். நானும்தான்.

கூட்டம் முடிந்து வடையும் தேநீரும் வந்தன. என்னோடு இருந்து எல்லாவற்றையும் கேட்ட என் மகள், தோழியிடம் பிரெஞ்சில் ஏதோ சொன்னாள். வாத்தியார் முகத்தைச் சுளித்தார்.

“தாய்மொழியை மறந்திட்டியோ பிள்ளை? வெக்கமாயில்லையோ?”

நான் தமிழில் எது கேட்டாலும் பிரெஞ்சிலேயே பதில் சொல்கிறவள், அவரை நிமிர்ந்து பார்த்துத் தமிழில் கேட்டாள்:

“தாய்மொழி கதைச்சால் முழங்காலிலை நிக்க வேணுமோ, மாஸ்டர்?”

அந்தத் தமிழ்ப்பற்றாளர் அடுத்த வடையை எடுத்தார்.

அதற்குப் பிறகு, மேடையில் யார் பேசினாலும் என் கை சட்டென்று தட்டுவதில்லை.