நாக்பூரில் எத்தனாவதாக வருகிறோம்?

காசு கொடுத்து இணையத் தேடலில் விளம்பரம் போட்டுத் தரும் தொழிலில் இருப்பவர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை: வாடிக்கையாளர் தன் போனை எடுத்து நம் முன்னாலேயே தேடிப் பார்க்கும் அந்த அரை நிமிடத்தில் மட்டும் விளம்பரம் வராது. சேலத்தில் ஒன்பது வருடமாக இந்த வேலை பார்க்கிறேன். பல் ஆஸ்பத்திரிக்காரர், ஹாஸ்டல் பள்ளிக்காரர், கோழித் தீவனக்காரர் என்று எல்லோர் முன்னாலும் அந்த அரை நிமிடம் உட்கார்ந்திருக்கிறேன். ஆனால் விளம்பரம் உண்மையில் எங்கே தெரிகிறது என்று பார்க்கக் கற்றுக்கொண்டது நாமக்கல்லில் லாரி பாடி கட்டும் கமலா அக்காவிடம்.

சொந்தப் போன்

அக்காவின் பட்டறையில் மர வேலை முழுக்க அவர் கணவர் மாரப்பன் பொறுப்பு. பேச்சு முழுக்க அக்கா. புறவழிச்சாலை திறந்த பிறகு லாரிகள் பட்டறை முன்னால் வருவது நின்றுபோனது. பெயிண்டர்கள் வேலை செய்யும் இரண்டாவது கொட்டகை குத்தகை இடம். தொடர்ந்து வைத்துக்கொள்கிறீர்களா, இல்லையா என்று புரட்டாசி முடிவதற்குள் சொல்லிவிடும்படி இடத்துக்காரர் கேட்டிருந்தார். கொட்டகை போனால் நான்கு பெயிண்டர்களும் போக வேண்டியதுதான். அதற்காகத்தான் ஆடி மாதம் என்னைக் கூப்பிட்டார்கள்.

விளம்பரம் ஓட ஆரம்பித்த மறுநாளிலிருந்து அக்கா தன் போனில் தேட ஆரம்பித்தார். ஒரு நாளைக்கு முப்பது தடவை. தேடுவார், பார்ப்பார், தொட மாட்டார். இவருக்கு இதில் அக்கறை இல்லை என்று தேடல் இயந்திரம் முடிவு செய்து, அவருக்கு மட்டும் காட்டுவதை நிறுத்திவிட்டது. இதை நான் அரை மணி நேரம் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்:

"ஏனுங்க தம்பி, முப்பது வாட்டி தேடறவளையே அக்கறை இல்லாதவன்னு சொல்லுது. இதைய நம்பியா நான் கொட்டாயை உட்டு வெச்சிருக்கறேன்?"

திரையில் ஒரு நாக்பூர்

அடுத்த வாரம் லேப்டாப்போடு போனேன். ஓர் ஊரைத் தேர்ந்தெடுத்தால் அங்கே தேடுகிறவருக்கு விளம்பரம் எப்படித் தெரியும் என்று காட்டும் கருவி ஒன்று எங்களிடம் உண்டு. நாக்பூர் என்று போட்டேன். முதலிடம். ராய்ப்பூர் என்று போட்டேன். முதலிடம். அக்கா திரையைப் பார்க்கவே இல்லை. போனில் யாரையோ கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"குமாரசாமி, எங்க சாமி இருக்கற?"

"நாக்பூர் தாண்டிச் சாப்பாட்டுக்கு நிறுத்தியிருக்கறனுங்க அக்கா."

"நாமக்கல்லுல லாரிக்குப் பாடி கட்டறது யாருன்னு நெட்டுல தேடு. நான் எத்தனாவதா வாரேன்னு பாத்துச் சொல்லு."

ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்தோம். அக்காவிடம் நான்கு லாரிக்குப் பாடி கட்டிய ஓனரின் டிரைவர் அவர். எழுத்து எதையும் அடிக்கவில்லை. மைக்கைத் தொட்டு, பாதி தமிழும் பாதி இந்தியுமாகப் போனிடம் பேசினார். எந்தச் சொல்லைத் தேடினால் விளம்பரம் வர வேண்டும் என்று நான் சேர்த்து வைத்திருந்ததெல்லாம் ஆங்கிலச் சொற்கள். மேசை முன்னால் உட்கார்ந்து அடிக்கிறவனின் சொற்கள். நான் எழுதிய சொல்லை நானே தேடி நானே முதலிடம் பிடித்துக்கொண்டிருந்தேன் என்பது அப்போதுதான் உறைத்தது. நாக்பூரிலிருந்து குரல் வந்தது:

"ரெண்டு பஞ்சர் கடை வருதுங்க, ஒரு கல்யாண மண்டபம் வருதுங்க. நம்மளைத்தான் காணோமுங்க அக்கா."

கதிரேசன் தொட்டது

சொற்களை மாற்றினேன். தமிழ், இந்தி, தெலுங்கு, கன்னடம், அவற்றின் கலவை எல்லாம் சேர்த்தேன். அப்படியும் வெளியூரிலிருந்து போன் வரவில்லை. லாரிக்காரர்கள் போனைக் கையில் எடுப்பது மதியச் சாப்பாட்டு நேரத்தில். எங்கள் விளம்பரமோ அன்றைக்கு ஒதுக்கிய பணம் காலையிலேயே தீர்ந்து நின்றுவிடுகிறது. போட்டிக்காரர் யாரோ வேண்டுமென்றே தொட்டுத் தொட்டுத் தீர்க்கிறார் என்றாள் என்னோடு வேலை செய்யும் நித்யா. எங்கிருந்து தொடுகிறார்கள் என்று பார்த்தாள். நாமக்கல்லிலேயே, பட்டறையைச் சுற்றி.

பெயிண்டர் கதிரேசன் எதையும் ஒளிக்கவில்லை. ஒவ்வொரு தொடலுக்கும் காசு போகும் என்று அவருக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. காலையில் வேலை தொடங்குமுன் நான்கு பெயிண்டர்களும் ஆளுக்கொரு முறை தொடுவார்கள். பிறகு அவர்கள் வீட்டார், மச்சான்கள், மச்சான் வேலை செய்யும் தறிப்பட்டறை ஆட்கள். தொடத் தொட மேலே ஏறும் என்று நம்பி, தங்கள் கொட்டகையைக் காப்பாற்ற எல்லோருமாகச் சேர்ந்து விளம்பரத்தைப் பத்து மணிக்குள் தீர்த்திருக்கிறார்கள். கோபத்தோடுதான் போனேன். லாரியின் பின்பலகையில் வரைந்துகொண்டிருந்த மயிலின் கழுத்தை முடித்துவிட்டுத் திரும்பினார்.

"நம்ம பட்டறைய நம்மளே தொட்டுப் பாக்கலீன்னா, அடுத்தவன் எதுக்குங்க தொடறான்?"

யார் போனில் பார்ப்பது

அன்றைக்கே அக்கா தனக்குத் தெரிந்த டிரைவர்களுக்கெல்லாம் ஒரு குரல் செய்தி அனுப்பினார். பக்கத்தில் நின்று கேட்டேன். "நெட்டுல நம்ம பட்டறை எத்தனாவதா வருதுன்னு எனக்குத் தெரியோணும் சாமி. உங்க போனுல தேடாதீங்க, அது உங்களுக்குப் பழகிப்போன போனு. நிறுத்தற எடத்துல சாப்பாட்டுக் கடைக்காரரு, டயர்க் கடைக்காரரு, ஆரு போனையாவது கேட்டு வாங்கித் தேடுங்க. தொட வேண்டாம். போட்டோ மட்டும் புடிச்சு அனுப்புங்க." அந்த அரை மணி நேர விளக்கத்தில் எனக்கே பிடிபடாதது அவருக்குப் பிடிபட்டிருந்தது.

மூன்று நாளில் படங்கள் வந்து குவிந்தன. விஜயவாடாவில் இரண்டாவது. ஹூப்ளியில் நான்காவது. குவாஹாட்டியில் முதலிடம், கண்ணாடியில் கீறல் விழுந்த போன், மாவு ஒட்டிய விரல், நடுவில் அக்காவின் பெயர். பெரிய அலுவலகங்களில் இப்படிப் பார்ப்பதற்கென்றே ஆள் வைத்திருப்பார்கள். அக்கா ஒரு செய்தியில் முடித்துவிட்டார். ஆனால் எல்லோரையும்விட அதிகம் உதவியது, சொன்ன பேச்சைக் கேட்காத ஒருவர்தான். ஊருக்குத் திரும்பிக்கொண்டிருந்த அந்த டிரைவர், விளம்பரத்தைத் தொட்டு, அது காட்டிய வழியிலேயே லாரியையும் ஓட்டிப் பார்த்துவிட்டார். வரைபடத்தில் நான் வைத்த புள்ளி பட்டறையின் பின்பக்கம் விழுந்திருந்தது. பழைய சாலையில் வந்தால் வித்தியாசம் தெரியாது. புறவழிச்சாலையிலிருந்து வந்தால் குறுக்கே வேறொருவர் நிலமும் முள்வேலியும். அங்கே நின்றபடி கூப்பிட்டார்:

"அக்கா, மொதல்லதானுங்க வர்றீங்க. தொட்டாத்தான் கொண்டுபோயிக் கோழிப் பண்ணைக் கேட்டுல உடுதுங்க."

மூன்றாவது

புரட்டாசி கடைசி வாரம். புள்ளியை வாசலுக்கு மாற்றிவிட்டேன்; பெயிண்டர்களும் தொடுவதை நிறுத்திவிட்டார்கள். அதுவரை வந்த விசாரிப்புகளெல்லாம் விசாரிப்போடு நின்றன. இடத்துக்காரர் இரண்டு முறை வந்து போய்விட்டார். அக்கா பதில் சொல்லாமல் காபி கொடுத்து அனுப்பினார். கதிரேசன் பெயிண்ட் டப்பாக்களை எண்ணி அடுக்கத் தொடங்கியிருந்தார்.

வெள்ளிக்கிழமை மதியம் கேபின்கூட இல்லாத, எஞ்சினும் சக்கரமும் மட்டுமான வெறும் லாரி சேஸிஸ் ஒன்று, டிரைவர் முகமெல்லாம் புழுதியோடு, நேராகப் பட்டறை வாசலில் வந்து நின்றது. பின்னால் காரில் ஓனர். பெல்லாரிக்காரர். அக்காவுக்கு முன்பின் தெரியாதவர். அவர் உட்காருமுன்னே அக்கா கேட்டார்: "எங்களை எங்கீங்க பாத்தீங்க?" அவர் போனில் தேடிக் காட்டினார். மூன்றாவது இடம். ஏன் முதலிடம் இல்லை என்று நான் காரணம் சொல்ல ஆரம்பித்தேன்.

ஓனர் கையமர்த்தினார். கன்னடம் கலந்த தமிழில் சொன்னார்: முதலாவதைக் கூப்பிட்டால் ஒன்றை அழுத்து, இரண்டை அழுத்து என்று ஒரு பதிவுக் குரல். இரண்டாவதில் திருப்பிக் கூப்பிடுகிறோம் என்றார்கள், கூப்பிடவில்லை. மூன்றாவதில் ஓர் அம்மா எடுத்து, எந்த ஊரில் டீசல் போட வேண்டும், எங்கே திரும்ப வேண்டும் என்பது வரை சொன்னார். இன்னும் மூன்று சேஸிஸ் அனுப்பப் போவதாகச் சொல்லி, பெயிண்ட் வேலை எங்கே நடக்கிறது என்று கேட்டார். மாரப்பன் வாய் திறந்ததை அன்றுதான் பார்த்தேன். "இங்க" என்று சொல்லி அவரை இரண்டாவது கொட்டகைக்குள் கூட்டிப் போனார்.

அக்கா இடத்துக்காரரைக் கூப்பிட்டு, கொட்டகை எங்களுக்கே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தார். முதலிடத்துக்குக் கொண்டுவர வழி இருக்கிறது என்றேன். அவர் அவசரமாகத் தடுத்தார்:

"மூணாவதே இருக்கட்டுங்க தம்பி. மொத ரெண்டு பேரும் போனு எடுக்க மாட்டேங்கறாங்க, அவிய முன்னால நின்னாத்தான் நமக்கு நல்லது."

விளம்பரம் எங்கே தெரிகிறது என்று பார்க்கத்தான் எனக்குச் சம்பளம் தருகிறார்கள். உண்மையில் பார்த்துச் சொன்ன டிரைவர்கள் எல்லோரும் வேறு வேலைக்குச் சம்பளம் வாங்குகிறவர்கள்.