என் பெயரில் வந்த பெட்டி

அந்தப் பெட்டியின் நான்கு பக்கத்திலும் சிவப்பு மையில் வைன் கிளாஸின் படம் அச்சடித்திருந்தார்கள். உள்ளே கண்ணாடிச் சாமான், கவனம் என்று எழுதினால் போதாதா? படமும் வேண்டியிருந்ததா அவர்களுக்கு? லண்டன் கோலியர்ஸ் வுட்டில் எங்கள் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளியிருந்த, நாங்கள் அன்ரி என்று கூப்பிடும் தமிழ் மனுசியின் வாசலில், செருப்புகளுக்குப் பக்கத்தில் அது இருந்தது. மேலே ஒட்டிய தாளில் என் முழுப்பெயர். பகலில் எங்கள் வீட்டில் ஆள் இல்லாததால் பார்சல் கொண்டுவந்த வான்காரன் அதை அன்ரியிடம் கையெழுத்து வாங்கிக் கொடுத்துவிட்டுப் போயிருந்தான். "பிள்ளை, நல்ல பாரம். உள்ளுக்க போத்தல் சத்தம் கேக்குது" என்று சொல்லித் தந்தார் அன்ரி. முகத்தில் ஒரு சிரிப்பு. அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வயிறு எரியும்.

இரண்டாயிரத்தின் தொடக்க வருடங்கள் அவை. நான் அண்ணை வீட்டில் இருந்தேன். அண்ணை, அண்ணி, அப்போதுதான் நடக்கப் பழகிய அவர்களுடைய மகள், கல்யாணமாகாத தங்கச்சி நான். சிட்டியில் ஒரு காப்புறுதி அலுவலகத்தில் எனக்கு வேலை. எங்கள் மேலாளர், ஒரு வெள்ளைக்காரப் பெண், பிரிவில் இருந்த எல்லோரையும் தன் வீட்டுக்கு இரவுச் சாப்பாட்டுக்கு அழைத்திருந்தார். போகிறவர்கள் ஒரு போத்தல் வைனோடு போவதுதான் அங்கே வழக்கம். முன்னொருமுறை வேறொருவர் வீட்டுக்கு நான் சொக்லேட் பெட்டியோடு போனேன்; அதைப் பிள்ளைகளுக்கென்று வாங்கி ஓரமாக வைத்துவிட்டார்கள். இரவு முழுக்க என்னையும் அந்தப் பெட்டியைப் போலவே ஓரமாக வைத்திருந்தார்கள். இந்த முறை அப்படி இருக்கக்கூடாது என்று நினைத்தேன். இவ்வளவுதான் என் ஆசை.

ஆனால் எங்கே வாங்குவது? தெருமுனை மதுக்கடை ஒரு தமிழருடையது. வெள்ளிக்கிழமைகளில் கோயிலில் எனக்குப் பக்கத்தில் நின்று திருநீறு வாங்குகிறவர் அவர். டூட்டிங் போனால் அங்கேயும் நம்மவர்கள். சூப்பர் மார்க்கெட்டுக்குப் போனால் காசு வாங்க இருப்பது படிக்க வந்த நம்முடைய பிள்ளைகள். இத்தனை பெரிய லண்டனில் தமிழர் கண்ணில் படாமல் ஒரு போத்தல் வைன் வாங்க எனக்கு ஒரு கடை கிடைக்கவில்லை. அதனால்தான் இன்டர்நெட்டில் வாங்கலாம் என்று முடிவு செய்தேன். ஒருவருக்கும் தெரியாமல் இருக்கத்தான் அந்த வழி. நல்ல மூளை எனக்கு.

மதியச் சாப்பாட்டு நேரத்தில் அலுவலகக் கணினியில் உட்கார்ந்து பார்த்தேன். பக்கம் பக்கமாக வைன். ஒன்றில் செர்ரிப்பழ வாசம் வருமாம், இன்னொன்றில் தோல், புகையிலை, மழையில் நனைந்த கல். நனைந்த கல்லைக் காசு கொடுத்துக் குடிக்கிறவர்கள் யார் என்று எனக்குச் சிரிப்பாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது. விலையைப் பார்த்து எடுப்பதா, நாட்டைப் பார்த்தா, லேபிளில் உள்ள மாளிகையைப் பார்த்தா? மலிவானதை எடுத்தால் தெரிந்துவிடும், விலை கூடியதை எடுத்தால் பகட்டு என்பார்கள். கடைசியில், புதிதாக வாங்குகிறவர்களுக்கென்றே ஒரு பக்கம் இருந்தது. என்ன சாப்பிடுவீர்கள் என்று முதலில் யோசியுங்கள், அதற்கேற்ற வைனை நாங்கள் சொல்கிறோம் என்றது அது. அந்தக் கேள்வி எனக்கு விளங்கியது. ஆட்டிறைச்சிக்கு இது, மீனுக்கு இது, உறைப்புக் கறிக்குக் கொஞ்சம் இனிப்பான வெள்ளை. ஆனால் தனிப் போத்தல் விற்கமாட்டார்கள். பழகுகிறவர்களுக்கென்று சிவப்பும் வெள்ளையும் கலந்து பன்னிரண்டு போத்தல், ஒவ்வொன்றையும் பற்றி விளக்கும் தாளோடு. அதுவும் முதல் தடவை வாங்குகிறவருக்கு வங்கி அட்டைக்குப் பதிந்துள்ள வீட்டு முகவரிக்குத்தான் அனுப்புவார்களாம். நானோ அண்ணியோ யாராவது வீட்டில் இருப்போம் என்று நினைத்து அழுத்தினேன்.

அந்த நேரத்தில்தான் எனக்கு ஒரு சம்பந்தம் பேசி வந்தது. மாப்பிள்ளை மோர்டனில் இருந்தார், ரயில்வேயில் பொறியியலாளர். பேசிக்கொண்டு வந்தது யார் என்றால், அதே அன்ரிதான். சாதகம் பொருந்தி, அண்ணியின் காவலோடு இரண்டு தடவை அவரைப் பார்த்தும் இருந்தேன். தேநீர்க்கடையில் நான் கதவுப் பக்கம் இருந்து குளிரில் நடுங்குவதைக் கண்டு, எழுந்து தன் இடத்தை எனக்குத் தந்துவிட்டுக் கதவுப் பக்கம் உட்கார்ந்தார். எனக்கு அவரைப் பிடித்திருந்தது. இதைச் சொல்ல எனக்கு வெட்கம் இல்லை. மோர்டனில் எந்தத் தெருவில் வீடு எடுக்கலாம் என்பதுவரை மனதுக்குள் போய்விட்டிருந்தேன்.

பெட்டி வந்த அடுத்த ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளையின் தாய்மாமனும் அன்ரியும் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். நான் தேநீர்த் தட்டோடு முன்னறை வாசலில் நின்றேன். தாய்மாமன் கட்லட்டை ஒரு கடி கடித்துவிட்டு அண்ணையிடம் பேசினார். "தம்பி, ஒளிச்சுக் கதைக்க விருப்பமில்லை. இஞ்சை ஒரு பெட்டி வந்ததாம். அது நீங்கள் எடுத்ததெண்டா எங்களுக்கு ஒரு பிரச்சினையும் இல்லை. ஆம்பிளையள் எண்டா அப்பிடி இப்பிடித்தான்."

கதவைத் திறந்து வைத்துவிட்டு, வா என்று அழைத்தது போல அவர் அதைச் சொன்னார். அண்ணை ஒரு சொல் சொன்னால் போதும். பொய்தான். ஆனால் அவருக்கு ஒரு சதமும் நட்டமில்லாத பொய். அதற்கு முந்திய மாதம்தான் தோர்ண்டன் ஹீத்தில் ஒரு கல்யாணம். மண்டபத்துக்கு வெளியே கார் டிக்கியைத் திறந்து வைத்து, பிளாஸ்டிக் கப்பில் விஸ்கி ஊற்றிக் குடித்தவர்களில் அண்ணையும் இருந்தார், இதே தாய்மாமனும் இருந்தார். கடிக்கக் கொஞ்சம் கட்லட் கொண்டுபோய்க் கொடுத்தது நான்.

அண்ணை நிமிர்ந்து உட்கார்ந்தார். "எனக்கு அந்தப் பழக்கம் இல்லை. தங்கச்சியின்ர பேரிலதானே வந்திருக்கு. அவளையே கேளுங்கோ."

அந்த மாதம் கோயில் நிர்வாக சபைக்கு ஆள் தெரிவு நடக்கவிருந்தது. அண்ணை பொருளாளர் பதவிக்கு நின்றார். அன்ரியின் வாய் எத்தனை வீடு போகும் என்பது அவருக்குத் தெரியும்.

கேட்டார்கள். அலுவலக ஆட்களின் சாப்பாட்டுக்குக் கொண்டுபோகத்தான் எடுத்தேன் என்று சொன்னேன். "பெட்டியில பன்ரண்டு எண்டு போட்டிருந்தது. ஒரு சாப்பாட்டுக்குப் பன்ரண்டு போத்தலோ பிள்ளை?" என்றார் அன்ரி. "தனிய ஒண்டு விக்கமாட்டினம்" என்றேன். உண்மை அதுதான். ஆனால் சொல்லும்போது என் காதுக்கே அது பொய்யாகக் கேட்டது. அண்ணி தரையைப் பார்த்தார். அண்ணை தேநீரைக் குடித்தார்.

இரண்டு நாளில் தொலைபேசி வந்தது. சாதகம் பொருந்தவில்லையாம். முன்பு பொருந்திய சாதகம் ஒரு பெட்டியைக் கண்டதும் பொருந்தாமல் போனது. மோர்டன்காரர் எனக்கு ஒரு போன் எடுத்திருக்கலாம். எடுக்கவில்லை. அவருக்கும் மாமன் சொன்னால் சரிதான் போலும். அண்ணை பொருளாளர் ஆனார். மாலையோடு எடுத்த படம் முன்னறையில் தொங்கியது.

மேலாளர் வீட்டுக்கு ஒரு போத்தலைக் கொண்டுபோனேன். நன்றி என்று வாங்கி மற்றப் போத்தல்களோடு வைத்தார், அவ்வளவுதான். மிச்சத்தை எறிந்துவிடச் சொன்னார் அண்ணை. நான் எறியவில்லை. குடிகாரி என்று பெயர் எடுத்தாயிற்று, இனி குடித்தால் என்ன என்று ஒரு வீம்பு. தனியாக மோர்டனில் ஒரு அறை எடுத்துப் போனபோது பெட்டியையும் தூக்கிக்கொண்டு போனேன். மாதத்துக்கு ஒன்றாகத் திறந்து, விளக்கத் தாளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வாயில் வைத்துப் பார்த்தேன். முதலில் எல்லாம் ஒரே புளிப்பு. பிறகு பிறகு வித்தியாசம் பிடிபட்டது. நனைந்த கல்கூட ஒருநாள் பிடிபட்டது. அன்று சொல்லிச் சிரிக்க ஒருவரும் இருக்கவில்லை. வேறு சம்பந்தங்களும் வந்தன, ஒவ்வொன்றும் அன்ரியின் கதை எட்டும்வரை இருந்துவிட்டுப் போயின. ஒரு கட்டத்துக்கு மேல் நானே வேண்டாம் என்றேன்.

போன வருடம் அண்ணையின் மகளுக்கு நிச்சயதார்த்தம். மாப்பிள்ளை வீட்டார் மலேசியத் தமிழர், தாயும் தகப்பனும் வைத்தியர்கள். அண்ணை எனக்குப் போன் எடுத்தார். "தங்கச்சி, அவை சாப்பாட்டோட வைன் எதிர்பார்க்கினம். உனக்குத்தானே இதெல்லாம் தெரியும். ஒன்லைனில பார்த்து நல்லதா எடுத்துத் தாவன்."

"ஆக்கள் கதைக்கமாட்டினமோ அண்ணை?" என்று கேட்டேன்.

"இந்தக் காலத்தில இதையெல்லாம் ஆர் பார்க்கினம்" என்றார், வெகு சாதாரணமாக.

பிள்ளைக்காகச் செய்தேன். அவளை நான் தூக்கி வளர்த்திருக்கிறேன். இறால் பொரியலுக்கும் ஆட்டிறைச்சிப் பிரட்டலுக்கும் ஏற்றதாக இரண்டு வகை தெரிந்து எடுத்தேன். பெட்டி அண்ணை வீட்டு வாசலுக்கே வந்தது. அன்று மாப்பிள்ளையின் தாய் ஒரு வாய் குடித்துவிட்டுக் கிளாஸைத் திருப்பிப் பார்த்தார். "ரொம்ப நல்லாருக்கு. யாரு செலக்ட் பண்ணது?"

நான் அவருக்கு நேர் எதிரே இருந்தேன். வாயைத் திறப்பதற்குள் அண்ணை முந்திக்கொண்டார். "நான்தான்" என்றார்.

அண்ணி அன்றுபோலவே தரையைப் பார்த்தார். அண்ணை என் பக்கம் திரும்பவே இல்லை. வேண்டுமென்று முகத்தை ஒளிக்கவும் இல்லை, அவருக்கு அந்த ஞாயிற்றுக்கிழமை நினைவிலேயே இருந்திருக்காது. நான் தேநீர்த் தட்டோடு நின்றபோது அவர் சொல்லியிருக்க வேண்டிய சொல் இதுதான். இந்த ஒரே சொல். அதைச் சொல்வது அவருக்கு எவ்வளவு சுலபம் என்று நிச்சயதார்த்தத்தன்றுதான் கண்டேன்.