அப்பாவுக்குச் சாட்சி சொன்ன ராஜா

இன்று காலை பக்கத்து வீட்டுப் பையன் சரித்திரப் பரீட்சைக்கு உரக்கப் படித்துக்கொண்டிருந்தான். ‘மாக்னா கார்ட்டா’ என்று அவன் சொன்னதும் நான் ஜன்னலருகே போய் நின்றுவிட்டேன். ஆறு வயதில் கேட்ட பெயர் அது.

அப்போது வெள்ளைக்காரர் ஆட்சி. காட்டு மரத்தை வெட்டினார் என்று சொல்லி, கொல்லிமலையிலிருந்து அப்பாவைப் பிடித்துப் போய் அடிவாரத்து வன ஆபீசில் பூட்டிவிட்டார்கள். வழக்கும் போடவில்லை, விடவும் இல்லை. அம்மா என்னையும் இழுத்துக்கொண்டு மலையிறங்கி, காளப்பநாயக்கன்பட்டியில் ஓர் இளம் வக்கீலின் வீட்டுக் கதவைத் தட்டினாள்.

வக்கீல் கொதித்துப்போனார். “சட்டப்படி இல்லாம ஒருத்தரையும் அடைக்க மாட்டேன்னு இங்கிலாந்து ராஜாவே அந்தக் காலத்துல முத்திரை வச்சுக் குடுத்திருக்காருங்க. மாக்னா கார்ட்டான்னு பேரு. நம்ம கோர்ட்டுலயும் அந்த நியாயந்தான். வாங்க, போலாம்!”

ஆபீசில் வெள்ளைக்கார அதிகாரி, “விசாரணை முடியவில்லை” என்றார். வக்கீல் வாயைத் திறப்பதற்குள் அம்மா முன்னால் போய் நின்றாள்.

“ஏனுங்க தொரை, உங்க ராஜாவே சட்டத்துக்குக் கட்டுப்பட்டாராமா. நீங்க அவருக்கும் மேலீங்களா?”

துரையின் முகம் சிவந்தது. “நாளைக்குக் கோர்ட்டுலயும் இதையேதான் கேப்பேன்” என்றார் வக்கீல். கொஞ்ச நேரத்தில் பூட்டு திறந்தது.

உள்ளே இருந்தபடி எல்லாவற்றையும் கேட்டிருந்த அப்பா, வெளியே வந்ததும் என்னைத் தோளில் தூக்கிக்கொண்டார். அப்பாவும் அம்மாவும் ஓட்டமும் நடையுமாக மலையேறினார்கள்.

“ஆரு புள்ள அந்த ராஜா?” என்று கேட்டார் அப்பா.

“ஆரா இருந்தா என்னங்க? இன்னிக்கு நம்ம பக்கம் பேசுனாரு!”