நாத்தனார் வீட்டில் வைத்த பத்திரிகை

நாக்கில் புற்றுநோய் வந்து என் கணவருக்கு மதுரையில் ஆபரேஷன் நடந்தது. பாதி நாக்குதான் மிஞ்சியது. தினமும் வாய்விட்டுப் பேசிப் பழகவேண்டும் என்று டாக்டர் சொல்லி அனுப்பினார். எனக்கோ அவர் குழறுவதை நாலு பேர் கேட்டுவிடக் கூடாதே என்ற கவலை. யார் அவரிடம் எது கேட்டாலும் நானே முந்திக்கொண்டு பதில் சொன்னேன்.

மகள் கல்யாணத்துக்குப் பத்திரிகை வைக்க நாகல் நகரில் அவர் தங்கை வீட்டுக்குப் போனோம். தட்டை நீட்டி நானே அழைத்தேன். நாத்தனார் தட்டைத் தொடவில்லை.

"அண்ணன் வாயால கூப்பிடட்டும் மதினி, வாங்கிக்கிறேன்" என்றாள்.

"அவருக்குத்தான் பேச வராதே" என்றேன், அவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே.

அவர் தட்டை என்னிடமிருந்து வாங்கினார். "குடும்பத்தோட வந்துரு தாயி. நீதான் முன்னால நிக்கணும்." மெதுவாக, குழறித்தான் வந்தது. ஆனால் எல்லாம் புரிந்தது. நாத்தனார் அழுதுகொண்டே தட்டை வாங்கினாள்.

திரும்பும்போது, "எப்பப் பழகுனீக?" என்று கேட்டேன்.

"நீ தண்ணி பிடிக்கப் போற நேரத்துல."

இப்போது அவரிடம் யார் எது கேட்டாலும் நான் வாய் திறப்பதில்லை. காலையில் அவர் எதிரே உட்கார்ந்து பேசச் சொல்லிக் கேட்டுவிட்டுத்தான் குடத்தை எடுக்கிறேன்.