ராகு காலத்துக்கு முன் கிளம்பிய கார்

எங்கள் காருக்கு ஒரே ஒரு நல்ல குணம் இருந்தது. காலையில் முதல் தடவை சாவியைத் திருப்பினால் உடனே கிளம்பிவிடும். மற்ற குணங்களெல்லாம் அதற்குப் பிறகுதான் வெளியே வரும்.

எழுபதுகளின் நடுவில் என் கணவர் அதை மெட்ராஸில் யாரிடமோ பழசாக வாங்கி, ஸ்ரீபெரும்புதூர் வரைக்கும் தானே ஓட்டிக்கொண்டு வந்தார். நான்கு கதவு, சின்ன உடம்பு, வெளுத்துப்போன பச்சை நிறம். கூட்டுறவு சங்க ஆபீசில் வேலை பார்த்த அவருக்கு, எங்கள் தெருவில் முதல் கார் தன்னுடையது என்பதில் தலைகால் புரியவில்லை. நானும் முதல் வாரம் சந்தோஷமாகத்தான் இருந்தேன். பொய் சொல்வானேன்.

பின்பக்க இடது கதவை வெளியிலிருந்துதான் திறக்க முடியும். அது என் கதவு. எங்கே போனாலும் அவர் இறங்கிச் சுற்றி வந்து திறந்துவிடும் வரை நான் உள்ளே உட்கார்ந்திருக்க வேண்டும். பார்ப்பவர்களுக்கு ராஜமரியாதை மாதிரி இருக்கும். எனக்குத்தான் தெரியும் அது என்ன மரியாதை என்று. ஜன்னல் கண்ணாடி ஒவ்வொரு பள்ளத்துக்கும் ஒரு விரல் கீழே இறங்கும். அதை நிறுத்தத் தீப்பெட்டி அட்டையை மடித்துச் செருகி வைத்திருந்தோம். பெட்ரோல் வாடையில் என் பெண் வல்லக்கோட்டை வருவதற்குள் வாந்தி எடுத்துவிடுவாள். சத்தம் வேறு. உள்ளே இருக்கிறவர்கள் பேசிக்கொள்ளக் கத்த வேண்டும் என்பதால், எங்கள் வீட்டு விஷயம் சாலையில் நடந்து போகிறவர்களுக்கெல்லாம் தெரிந்தது.

இதையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். பொறுக்க முடியாதது ஒன்று இருந்தது. எஞ்சின் சூடான பிறகு ஒரு தடவை அணைத்துவிட்டால், அது முழுசாக ஆறும் வரை மறுபடி கிளம்பாது. பஜாரில் இருந்த மெக்கானிக் பெட்ரோல் பம்பை மாற்றினார், கார்புரேட்டரைக் கழுவினார், கடைசியில் கையை விரித்துவிட்டார். என் கணவரோ அதை ஒரு குறையாகவே எடுத்துக்கொள்ளவில்லை. வீட்டுக்கு வருகிறவர்களிடம், வண்டிக்குச் சூடு ஆகாது, அவ்வளவுதான் என்று, ஏதோ குழந்தைக்கு மாம்பழம் ஆகாது என்பதுபோலச் சொல்வார். டிக்கியில் எப்போதும் ஒரு சாக்கும் ஒரு குடம் தண்ணீரும் இருக்கும். நின்றுவிட்டால் சாக்கை நனைத்து எஞ்சின் மேல் போட்டுவிட்டு மரத்தடியில் உட்கார வேண்டியதுதான்.

செங்கல்பட்டில் என் தங்கை கல்யாணத்துக்குப் போகும்போது அப்படித்தான் ஆனது. ஒரகடம் தாண்டி, பெண்ணுக்கு வாந்தி வருகிறது என்று வண்டியை நிறுத்தியவர், பழக்கதோஷத்தில் சாவியைத் திருப்பி எஞ்சினையும் அணைத்துவிட்டார். இப்போது கம்பெனி பஸ்கள் வரிசைகட்டிப் போகிற அந்த இடத்தில் அன்று ஏரிக்கரையும் ஆடுகளும்தான். பட்டுப்புடவையோடு புளியமரத்தடியில் நின்றேன். நாங்கள் மண்டபத்துக்குள் நுழைந்தபோது முதல் பந்தி முடிந்து கை கழுவிக்கொண்டிருந்தார்கள். என் தங்கை கழுத்தில் தாலி ஏறியதை நான் பார்க்கவில்லை. இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு வயிறு எரிகிறது.

அதற்கு அடுத்த வருஷம்தான் எனக்கு அந்த இன்டர்வியூ வந்தது. கல்யாணத்துக்கு முன்பே நான் கணக்கில் பட்டம் வாங்கி, ஆசிரியர் பயிற்சியும் முடித்திருந்தேன். வேலைவாய்ப்பு ஆபீசில் பதிவு செய்துவிட்டு வருஷக்கணக்காகக் காத்திருந்தேன். ஒரு அழைப்புகூட வரவில்லை. வயது ஏறிக்கொண்டே போனது. இனிமேல் சமையலறைதான் என்று நானே மனதைத் தேற்றிக்கொண்ட சமயத்தில், செங்கல்பட்டுப் பெண்கள் பள்ளி ஒன்றிலிருந்து வரச்சொல்லியிருந்தார்கள். திங்கட்கிழமை காலை பத்து மணி. இதை விட்டால் இன்னொன்று வராது என்று எனக்கு நன்றாகத் தெரியும்.

விடியற்காலை பஸ்ஸில் போய்விடுகிறேன் என்றேன். அவருக்கு முகம் விழுந்துவிட்டது. வாசலில் காரை வைத்துக்கொண்டு பெண்டாட்டியை பஸ்ஸில் அனுப்பினால் ஊர் என்ன சொல்லும் என்றார். ஊர் என்ன சொல்லும் என்பதைவிட உங்கள் வண்டி என்ன செய்யும் என்பதுதான் எனக்குக் கவலை என்றேன். நடுவில் எங்கேயும் நிறுத்தாமல் ஒரே மூச்சில் கொண்டுபோய் விடுவதாகப் பெருமாள் மேல் சத்தியம் செய்தார். என் புத்தி, சரி என்றேன்.

திங்கட்கிழமை ராகு காலம் ஏழரையிலிருந்து ஒன்பது. அது தொடங்குவதற்கு முன் வாசல்படி தாண்டிவிட வேண்டும் என்றார். பெண்ணுக்குச் சாப்பாடு கட்டி, பக்கத்து வீட்டில் விட்டு, நான் புடவை மாற்றிக்கொள்வதற்குள் எப்படியும் ஏழே முக்கால் ஆகிவிடும். அதற்கு அவரிடம் ஒரு வழி இருந்தது. எங்கள் வீடுகளில் பயணத்துக்கு நேரம் சரியில்லை என்றால், நல்ல நேரத்திலேயே பெட்டியை மட்டும் எடுத்துக்கொண்டுபோய் அடுத்த வீட்டில் வைத்துவிடுவார்கள். பெட்டி போய்விட்டால் பயணம் தொடங்கிவிட்டதாகக் கணக்கு. பரஸ்தானம் என்று பெயர். அப்புறம் நாம் எப்போது வேண்டுமானாலும் போகலாம், ராகுவும் கேதுவும் கேட்க முடியாது.

பெட்டிக்குப் பதிலாக அவர் காரையே பரஸ்தானம் வைத்தார். என் சான்றிதழ் பையை முன்சீட்டில் வைத்துக்கொண்டு ஏழு மணிக்கே வண்டியை எடுத்தார். எடுத்தவர் நேராகத் தேரடியில் கொண்டுபோய் நிறுத்தியிருந்தாலும் பரவாயில்லை. நல்ல காரியமாயிற்றே என்று கோயிலின் நாலு வீதியையும் சுற்றி, மறுபடி ஒரு சுற்று சுற்றி, எஞ்சினை நன்றாகக் காய்ச்சி, தேரடியில் நிறுத்தி, பெட்ரோல் வீணாகிறதே என்று அணைத்துவிட்டு, திருப்தியாக நடந்து வீட்டுக்கு வந்து என்னிடம் காபி கேட்டார்.

நான் தலைவாரிக்கொண்டிருந்தேன். "வண்டி எங்கே?" என்றேன்.

"தேரடியில. நீ கிளம்பியாச்சு. இனிமே கவலையே இல்ல" என்றார்.

எனக்குச் சீப்பு கையிலேயே நின்றுவிட்டது. அணைத்துவிட்டீர்களா என்று கேட்டேன். செய்த தப்பு அவருக்கு அப்போதுதான் உறைத்தது. ஊரெல்லாம் போய் வண்டிக்குச் சூடு ஆகாது என்று விளக்கின மனுஷர். வாசலில் சும்மா நின்றிருந்தால் அந்தக் கார் சொன்ன பேச்சைக் கேட்டுக் கிளம்பியிருக்கும்.

தேரடிக்கு ஓட்டமும் நடையுமாகப் போனோம். சாவியைத் திருப்பினார். கர், கர் என்று இழுத்து ஓய்ந்தது. பூக்கடைக்காரர், தீர்த்தம் வாங்க வந்தவர்கள் எல்லாரும் சேர்ந்து தள்ளினார்கள். பக்கத்தில் நின்ற தேரையாவது வருஷத்துக்கு ஒரு முறைதான் இழுக்க வேண்டும். எங்கள் காரை ஊர் வாரத்துக்கு ஒரு முறை தள்ளியது. அன்றைக்குத் தள்ளியும் பலனில்லை. அவர் சாக்கை நனைக்கப் போனார். ஒன்பது மணிக்குள் ஆறிவிடும், பறந்துவிடலாம் என்றார்.

எனக்குக் கண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. துக்கத்தால் அல்ல, ஆத்திரத்தால். முன்கதவைத் திறந்து சான்றிதழ் பையை எடுத்துக்கொண்டேன். செங்கல்பட்டு பஸ் வரும் நேரம்.

"ராகு காலத்துல எறங்கிப் போறியே" என்றார். நிஜமாகவே பயந்திருந்தார்.

"நான் ஏழு மணிக்கே கிளம்பியாச்சு. நீங்கதானே கிளப்பி வச்சீங்க. பெட்டி இங்கேயே இருக்கட்டும்" என்று காரைக் காட்டிவிட்டு நடந்தேன்.

பஸ்ஸில் உட்கார இடம் இல்லை. கண்டக்டருக்கு எங்களைத் தெரியும். வழியில் நின்றுபோன எங்களை எத்தனையோ தடவை ஏற்றிக்கொண்டு வந்தவர். "இன்னாம்மா, வூட்ல கார் கீது, நீங்க பஸ்ல வர்றீங்க?" என்றார்.

"கார் இருக்கறதாலதான் பஸ்ல வரேன்" என்றேன். அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. சிங்கப்பெருமாள் கோவில் ரயில்வே கேட்டில் நின்ற நேரமெல்லாம் கம்பியைப் பிடித்துக்கொண்டு என் கணவரை மனதுக்குள் திட்டித் தீர்த்தேன். இறங்கியதும் ஓடினேன். என் பெயரைக் கூப்பிடும்போது எனக்கு மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது.

வேலை கிடைத்தது. அவர் சந்தோஷத்துக்கு அளவே இல்லை. ஆனால் தெருவில் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொன்னது என்ன? ஏழரைக்கு முன்னாடி வண்டியை எடுத்ததால்தான் கிடைத்தது என்று. கல்லூரியில் நான் படித்த கணக்கெல்லாம் எங்கே போயிற்று என்று கேட்டேன். அதுவும்தான் என்றார்.

அதோடு விட்டாரா? நான் தினமும் பஸ்ஸில் போனேன். திங்கட்கிழமை மட்டும் அவர் ஏழு மணிக்கே என் மதியச் சாப்பாட்டுப் பையைக் காரில் வைத்து, நாலு வீதி சுற்றி, தேரடியில் நிறுத்திவிடுவார். நான் போகிற வழியில் கதவைத் திறந்து பையை எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடப்பேன். வேலைக்குப் போவது கார். பாடம் நடத்துவது நான். பல வருஷம் இப்படியே நடந்தது. சண்டை போட்டு அலுத்துப்போய், கடைசியில் நான் வாயை மூடிக்கொண்டேன்.

ஒரு நாள் காரின் அடித்தகடு துருப்பிடித்து ஓட்டை விழ, காலுக்கடியில் சாலை தெரிய ஆரம்பித்தது. அப்போதுதான் பழைய இரும்புக்காரருக்குக் கொடுக்கச் சம்மதித்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து இழுத்துக்கொண்டு போனார்கள். அவர் வாசலுக்கு வரவில்லை. எனக்கு விடுதலை கிடைத்த மாதிரி இருந்தது.

மறுநாள் காலை என் சாப்பாட்டுப் பையைக் காணவில்லை. சமையலறை, அலமாரி, கட்டிலடி என்று தேடினேன். அவரையும் காணவில்லை. பஸ்ஸுக்கு நேரமாகிறதே என்று வெறுங்கையோடு ஓடினேன். தேரடியில், கார் வழக்கமாக நிற்கும் அதே இடத்தில், அவர் என் பையை மார்போடு அணைத்தபடி நின்றிருந்தார். நாலு வீதியும் நடந்தே சுற்றியிருக்கிறார். சட்டை வியர்வையில் நனைந்திருந்தது.

"ஏழரைக்கு முன்னாடியே எடுத்துட்டேன். ஒண்ணும் பயமில்ல" என்றார்.

நான் பையை வாங்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்குப் போனபோது பஸ் போய்விட்டிருந்தது. அத்தனை வருஷத்தில் பள்ளிக்கு நான் தாமதமாகப் போனது அன்றைக்கு ஒரு நாள்தான்.