கிளெனிஸின் ஐந்தாவது மீன்

ஊரில் கிளெனிஸ் டகரைத் தெரியாதவன் பள்ளிக்கூடத்துக்கே போகாதவனாகத்தான் இருப்பான். கிளைடு ஆற்றோரச் சாலையில் பள்ளிப் பேருந்தை ஓட்டுவது அவள்தான். ஊரில் பாதிப் பேரை மூக்கொழுக ஏற்றி, மீசை முளைத்த பிறகு இறக்கிவிட்டவள். வாயில் எந்நேரமும் ஒரு பெப்பர்மின்ட். சாலையில் இருந்து பார்வையை எடுக்காத மாதிரியே இருக்கும், திடீரென்று, "கடைசி சீட்டு, அந்த ஆரஞ்சுத் தோலு உன் பைக்குள்ள போகணும்" என்பாள். அவளுக்குப் பின்மண்டையிலும் கண் உண்டு என்று பிள்ளைகள் மனதார நம்பினார்கள்.

போன அக்டோபரிலிருந்து அவள் அப்படிச் சொல்வதை விட்டுவிட்டாள். பின் சீட்டுக் கும்பல் முதலில் ஒரு தோலைப் போட்டுப் பார்த்தது. அப்புறம் ஒரு முழு ஆரஞ்சு. அப்புறம் மேல்கண்ணாடியைப் பார்த்து நாக்கை நீட்டியது. ஒன்றும் நடக்கவில்லை. வயசாக ஆக மனசு இளகிவிட்டது என்று முடிவு கட்டினார்கள்.

இளகியது மனசு இல்லை. எதை நேராகப் பார்க்கிறாளோ அதன் நடுவில் ஒரு கறை, எண்ணெய்க் கையால் யாரோ கண்ணாடியைத் தொட்டுவிட்டுப் போன மாதிரி. ஓரமெல்லாம் பளிச்சென்று இருக்கும், நடுவில் மட்டும் உலகம் கசங்கியிருக்கும். மின்கம்பங்கள் இடுப்பை வளைத்து நின்றன. அவளுடைய அம்மாவுக்கும் இப்படித்தான் தொடங்கியது. எனவே மருத்துவர் என்ன சொல்வார் என்று கிளெனிஸுக்குத் தெரியும். அதனாலேயே அவள் போகவில்லை.

ஓட்டுநர்களுக்கான கண் பரிசோதனை ஜூலையில். அதுவரை ஓட்டிவிடலாம். சாலை மனப்பாடம், வளைவுகள் கைக்குத் தெரியும், இருட்டில் வண்டி எடுப்பதே இல்லை. இப்படி அவள் தனக்குத்தானே சொல்லிக்கொண்ட நியாயங்கள் ஒரு பேருந்து நிறைய இருந்தன.

ஈஸ்டர் விடுமுறை முடிந்ததும் பின் சீட்டுக் கும்பல் என்ன நினைத்ததோ, மொத்தமாக முன் சீட்டுகளுக்கு மாறியது. கிரிக்கெட் வர்ணனை மாதிரி ஒரு கூத்தும் ஆரம்பித்தது. "இடது பக்கம் ஒரு கங்காரு, குதிக்கலாமா வேண்டாமான்னு யோசிக்குது." "எதிர்ல குப்பை லாரி. லாரி மெதுவா வருது, டிரைவரு மூக்கு நோண்டுறாரு."

"வாயை மூடுங்கடா. நான் என்ன குருடியா?" என்று அதட்டுவாள் கிளெனிஸ்.

"சும்மா பொழுதுபோக்குக்கு" என்பார்கள்.

மே மாதம் கழிமுகத்தில் பிரீம் மீன் பிடிக்கும் போட்டி வந்தது. படகுக்கு இரண்டு பேர். ஐந்து பிரீம் மீன்கள், உயிரோடு, மொத்த எடை எவருக்கு அதிகமோ அவருக்குக் கேடயம். ஆறாவதாக ஒன்றைப் பிடித்தால், இருப்பதில் சின்னதை ஆற்றில் விட்டாக வேண்டும். கிளெனிஸின் கூட்டாளி வாரிக். அதே ஆற்றில் சிப்பி வளர்க்கிறவன். ஒரு காலத்தில் அவள் பேருந்தில் ஜன்னல் சீட்டுக்குச் சண்டை போட்டவன். இப்போது அவன் மகள் இம்மி அதே பேருந்தில் அதே சண்டையைப் போடுகிறாள்.

சனிக்கிழமை விடியலில் படகுத்துறைக்குக் கிளெனிஸ் கை நிறையத் தூண்டில்களோடு நடந்து வந்தாள். எல்லாவற்றிலும் இரை கட்டித் தயாராக இருந்தது.

"என்ன கிளெனிஸ், கடை போடப் போறீங்களா?" என்றான் வாரிக்.

"உன்னை மாதிரி ஒத்தைத் தூண்டிலை வச்சுக்கிட்டு முடிச்சுப் போட்டே பொழுதை ஓட்டச் சொல்றியா?"

அது பாதி உண்மை. மீதிப் பாதி, முந்தின நாள் சமையலறை மேசையில், விளக்கடியில், பூதக்கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு முடிச்சாக அவள் போட்டது. தலைமுடி மாதிரி மெல்லிய தூண்டில் நரம்பை ஊசிக் காது மாதிரியான துளையில் படகில் வைத்து இனி அவளால் கோர்க்க முடியாது. நரம்பு அறுந்தால் அடுத்த தூண்டிலை எடுத்துக்கொண்டாள். வாரிக் ஒன்றும் கேட்கவில்லை. ஆழம் காட்டும் திரையை அவள் அவனைப் படிக்கச் சொன்னபோதும் கேட்கவில்லை, படித்தான்.

மீன் பிடிப்பதற்குக் கண் அவ்வளவாக வேண்டாம் என்பதுதான் அவளுக்கு ஆறுதல். ஆற்றுக்குள் நிற்கும் சிப்பி வளர்ப்புச் சட்டங்களின் கால்களுக்கு நடுவே சின்ன ரப்பர் இறாலை வீசி, மூழ்கவிட்டு, விரலை நரம்பில் வைத்துக் காத்திருக்க வேண்டும். பிரீம் கடிப்பது டொக்கென்று விரலில் கேட்கும். உடனே இழுக்காவிட்டால் அது சட்டத்துக்குள் புகுந்து, சிப்பி ஓட்டில் நரம்பை அறுத்துக்கொண்டு போய்விடும். மதியத்துக்குள், மீன்களை உயிரோடு வைக்கும் படகுத் தொட்டியில் ஐந்து மீன். அதில் மூன்று அவள் பிடித்தவை. படகில் வீட்டு மீன்தொட்டி மாதிரி மோட்டார் குமிழி விட்டுக்கொண்டிருந்தது, அவளுக்கு அந்தச் சத்தமே கைதட்டலாகக் கேட்டது.

"நாலு நல்லாருக்கு. ஒண்ணுதான் நோஞ்சான்" என்றான் வாரிக். "இன்னும் ஒரு பெரிசு வந்தா கேடயம் நம்ம வீட்ல."

"உங்க வீட்ல ஏன்டா? எங்க வீட்டுக் குளியலறையில ஆணி அடிச்சு வச்சிருக்கேன்."

கரை திரும்ப வேண்டிய நேரம் நெருங்கியபோது இருவர் தூண்டிலிலும் ஒரே சமயத்தில் மாட்டியது. வாரிக்கின் மீன் சட்டத்துக்குள் ஓடியது. அவன் முன்பக்கம் குனிந்து அதனோடு மல்லுக்கட்டினான். கிளெனிஸின் மீன் திறந்த தண்ணீரில் சுற்றியது. அவளே கைவலையால் அள்ளினாள். கனமான மீன். நேராகப் பார்த்தாள், கறை. தலையைச் சாய்த்து ஓரக்கண்ணால் பார்த்தாள். வெள்ளி உடம்பு, மஞ்சள் துடுப்பு. பிடித்த விரலுக்கு மூக்கு கொஞ்சம் மொட்டையாகப் பட்டது. பிரீமுக்கு மூக்கு கூர். விரல் சொன்னது, அவள் கேட்டுக்கொள்ளவில்லை. "இதைக் கொஞ்சம் பாரேன்" என்று வாரிக்கிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னால் ஏன் என்று கேட்பான். பிரீமைத் தெரியாதா உங்களுக்கு என்று சிரிப்பான். சிரித்து முடித்ததும் யோசிப்பான்.

மீனைத் தொட்டியில் போட்டாள். கையால் தடவித் தேடி, நோஞ்சானை எடுத்து ஆற்றில் விட்டாள்.

வாரிக்கின் நரம்பு அறுந்தது. "போச்சு. உங்களுக்கு?"

"பெரிசு. சின்னதை விட்டுட்டேன்."

"எங்க, பாக்கட்டும்."

"அப்புறம் பாக்கலாம், நேரமாச்சு. படகை எடு."

கரையில் அவன் படகை ஏற்றும் டிரெய்லரைப் பின்னுக்கு எடுக்கப் போனான். அவன் வருவதற்குள் மீன்களைத் தண்ணீர்ப் பைக்கு மாற்றி, வரிசையில் நின்றுவிட்டாள்.

எடை மேடையில் ஒலிபெருக்கியோடு நெவ். ஊர் கிளப்பில் எல்லாவற்றையும் அறிவிப்பவன், சாவுச் செய்தியைக்கூடக் குலுக்கல் சீட்டு மாதிரி அறிவிப்பவன். சுற்றிலும் ரொட்டியில் சுருட்டிய சாசேஜும் வதக்கிய வெங்காயமுமாக ஊரே நின்றது. அவள் பேருந்துப் பிள்ளைகள், அவர்களுடைய அப்பா அம்மாக்கள். வாரிக் ஓடி வந்து அவள் பக்கத்தில் நின்றான். நெவ் பையைத் தட்டில் கவிழ்த்தான். கவிழ்த்தவன் பேச்சை நிறுத்தினான். நெவ் பேச்சை நிறுத்துவதை ஊர் அன்றுதான் பார்த்தது.

"மகாஜனங்களே, நம்ம போட்டிக்கு ஒரு விருந்தாளி வந்திருக்கார்." ஒரு மீனைத் தூக்கிக் காட்டினான். "இவர் பேரு டார்வைன். பிரீமோட சித்தப்பா மகன். உடம்பு பூரா தங்கக்கோடு போட்டிருக்கார், மூக்கு மொட்டை. கூப்பிடாம வந்துட்டார்."

சிரிப்பு அலை மாதிரி எழுந்தது. ஊரில் எட்டு வயசுப் பிள்ளைக்கும் டார்வைனைத் தெரியும்.

"இதைப் பொறுக்கிப் போட்ட மகான் யாரு? கிளெனிஸ், உங்க வேலையா இருக்காதே?"

கிளெனிஸின் வாயில் பெப்பர்மின்ட் ஒட்டிக்கொண்டது. என்னுடையதுதான் என்று சொல்ல ஒரே மூச்சு போதும். சொன்னால் எப்படி என்பார்கள். எப்படி என்றால் கண் என்று வரும். எதிரே நிற்கிற அத்தனை அம்மாக்களும் திங்கட்கிழமையை நினைப்பார்கள். அந்த மூச்சை அவள் உள்ளேயே வைத்துக்கொண்டாள்.

"நான்தான் நெவ்" என்றான் வாரிக். "வெயில் கண்ணுல அடிச்சுது."

"எந்த வெயிலு? காலையிலேர்ந்து மேகமால்ல கெடக்கு." நெவ் ஒலிபெருக்கியைக் கிட்டத்தில் பிடித்தான். "ஏம்பா, நீ விக்கிறது சிப்பிதானா? இல்ல கூழாங்கல்லா? வாங்கித் தின்னவங்களெல்லாம் பல்லைத் தொட்டுப் பாத்துக்கங்க."

எல்லாரும் சிரித்தார்கள். கிளெனிஸும் சிரித்தாள். மற்றவர்கள் நிறுத்திய பிறகும் ஒரு கணம் கூடுதலாகச் சிரித்தாள், அது அவள் காதிலேயே விழுந்தது.

மீதி நான்கு மீன்களை எடை போட்டார்கள். முதல் ஜோடியோடு வித்தியாசம் ஒரு சாசேஜ் எடைகூட இல்லை. அவள் ஆற்றில் விட்ட நோஞ்சான் இருந்திருந்தால் கேடயம் அவர்களுடையது. சாயங்காலத்துக்குள் வாரிக்கின் பெயரே டார்வைன் ஆகிவிட்டது. யாரோ அவன் வண்டியின் பின்கண்ணாடித் தூசியில் விரலால் மீன் படம் வரைந்து, மூக்கை மொட்டையாக வைத்திருந்தார்கள்.

அவளைத் தன் வண்டியில் வீட்டில் விடப் போகும் வழியில் அவன் மழையைப் பற்றிப் பேசினான். மழை வந்தால் ஆற்றில் அழுக்கு சேரும், சிப்பி எடுக்க விடமாட்டார்கள், வராவிட்டால் நல்லது, இப்படி. அவள் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு, கையை ஸ்டீயரிங்கிலேயே வைத்துக்கொண்டு கேட்டான்.

"கிளெனிஸ், அந்த மீனைத் தூக்குனப்ப, அதைப் பாத்தீங்களா?"

கேட்ட விதத்தில் கதவு ஒன்று திறந்திருந்தது. உள்ளே வாருங்கள் என்கிற மாதிரி.

"பாத்தேன்டா. அவசரத்துல கவனிக்கல, அவ்வளவுதான்."

"சரி" என்றான். அவளுடைய தூண்டில்களை இறக்கிக் கொடுத்தான். ஒவ்வொன்றாகக் கையில் வைத்தான்.

ஞாயிறு முழுக்க அவள் வெளியே வரவில்லை. எனக்காக ஊர்ச் சிரிப்பை வாங்கிக் கட்டிக்கொண்டவனிடம் பொய் சொன்னேனே என்று ஒரு பக்கம் அரித்தது. சொல்லாததும் நல்லதுதான், ஜூலை வரைக்கும்தானே என்று மறுபக்கம் ஆறுதல். அவனே மூடி மறைத்துவிட்டான், இனி பயமில்லை என்றுகூட ஒரு நினைப்பு வந்தது. அந்த நினைப்பு வந்ததற்கு அவள் எழுந்துபோய் முகம் கழுவினாள்.

திங்கட்கிழமை காலை. பேருந்தில் பாதிப் பிள்ளைகள் ஏறிவிட்டார்கள். சிப்பிக் கொட்டகைக்குப் பிரியும் சாலை முனையில்தான் இம்மி நிற்பாள். அகலத் தொப்பி, முதுகைவிடப் பெரிய பை. அன்று அங்கே வாரிக்கின் வண்டி நின்றது. முன் சீட்டில் தொப்பி தெரிந்தது. கிளெனிஸ் நிறுத்திக் கதவைத் திறந்தாள். வாரிக் இறங்கி வந்தான், தரையைப் பார்த்துக்கொண்டு.

"இன்னிக்கு நானே கொண்டுபோய் விட்டுடறேன் கிளெனிஸ். இவளுக்குப் பல் டாக்டர்கிட்ட போகணும்."

"பல் டாக்டரா?" வண்டிக்குள்ளிருந்து இம்மியின் குரல் வந்தது. "எனக்கா? நீ சொல்லவே இல்லயே அப்பா. என் பல்லெல்லாம் நல்லாத்தானே இருக்கு."

வாரிக்கின் காது சிவந்தது. ஓரக்கண்ணிலேயே அது தெரிந்தது. சனிக்கிழமை ஊர் முன்னால் சிவக்காத காது.

கிளெனிஸுக்கு எல்லாம் புரிந்தது. தன் பெயரை அவளுக்காகக் கொடுத்தான். மகளைக் கொடுக்கவில்லை. கொடுக்கவும் கூடாது. அப்படியானால் தன் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவர்கள் யாருடைய பிள்ளைகள்?

எஞ்சினை அணைத்தாள். அந்த நிறுத்தத்தில் எஞ்சினை அவள் அணைத்ததே இல்லை. ரேடியோவைக் கையில் எடுத்தாள்.

"டிப்போ, கிளெனிஸ் பேசறேன். சிப்பிக் கொட்டகை முனையில நிக்கறேன். வேற டிரைவரை அனுப்பு."

"வண்டிக்கு என்ன?" என்றது டிப்போ.

"வண்டி நல்லாருக்கு. எனக்குக் கண்ணு தெரியல. ரொம்ப நாளா."

ரேடியோவைத் திரும்ப மாட்டினாள். அவள் திரும்பாமலே சொன்னாள். "மன்னிச்சிடுங்க பிள்ளைங்களா."

முன் சீட்டில், தினமும் கங்காரு வர்ணனை செய்கிற பையனின் குரல் வந்தது. நையாண்டி இல்லாத அந்தக் குரலை அவள் கேட்டதே இல்லை.

"எங்களுக்குத் தெரியும் கிளெனிஸ்."

குப்பை லாரி, கங்காரு, ரோட்டில் விழுந்த மரக்கிளை. ஈஸ்டரிலிருந்து வண்டியை யார் ஓட்டிக்கொண்டிருந்தார்கள் என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. குருடியா என்று அதட்டியதும் நினைவுக்கு வந்தது. முகத்தை வைத்துக்கொள்ள இடம் தெரியாமல் ஸ்டீயரிங்கின் மேல் நெற்றியை வைத்தாள். தெரியாமல் ஹாரன் அடித்துவிட்டது. ஒருவரும் சிரிக்கவில்லை.

டிப்போவிலிருந்து ஆள் வந்ததும் சாவியை அவனிடம் கொடுத்துவிட்டுக் கீழே இறங்கப் போனாள். "எங்க நடந்தா போகப்போறீங்க? உக்காருங்க" என்றான் அவன். ஓட்டுநருக்குப் பின்சீட்டில் உட்கார்ந்தாள். அந்த வண்டியில் அவள் பயணியாக உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. வாரிக் மகளின் பையைத் தூக்கி உள்ளே வைத்தான். இம்மி ஏறி வந்து, கேட்காமலே அவள் பக்கத்தில் உட்கார்ந்து, பல்லைக் காட்டி, "பாருங்க, நல்லாத்தானே இருக்கு?" என்றாள்.

"நல்லாருக்கு" என்றாள் கிளெனிஸ், கறையைப் பார்த்து.

வண்டி நகர்ந்தது. இம்மி பையை மடிக்கு இழுத்து வைத்துக்கொண்டாள். அப்புறம் குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"எங்க அப்பாவுக்கு டார்வைனுக்கும் பிரீமுக்கும் வித்தியாசம் தெரியாதாமே? எல்லாரும் சொல்றாங்க. நிஜமா?"

கிளெனிஸ் பேருந்து முழுக்கக் கேட்கும்படி, ஆரஞ்சுத் தோலைப் பிடிக்கும் பழைய குரலில் பதில் சொன்னாள்.

"உங்கப்பாவுக்கு நல்லாத் தெரியும். அதைத் தொட்டியில போட்டது நான்."