‘போறேன்’ என்று சொல்லிப் போன மதினி

என் மதினி மதுரைப் பெரியாஸ்பத்திரியில் நினைவில்லாமல் கிடந்தாள். எங்கள் காலனியே அவளுக்காக அழுதது. எனக்கும் அழுகை வந்தது. அதற்கு முன்னால் பொறாமை வந்தது. நான் இப்படிக் கிடந்தால் இத்தனை பேர் அழுவார்களா என்று வராந்தாவில் நின்று நினைத்தேன். ஜெபத்தில் என்னோடு முழங்கால் போடுகிற சொந்தங்களே, ஆண்டவர் எனக்குச் செய்த நன்மையை இந்த இடத்திலிருந்துதான் என்னால் சொல்லத் தொடங்க முடியும்.

எழுமலைப் பக்கம் எங்கள் காலனி. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போய் எஸ்.எஸ்.எல்.சி. தேறிய முதல் ஆள் நான். இதைச் சொல்ல எனக்குக் கூச்சம் கிடையாது. காலனியில் யாருக்குக் கடிதம் வந்தாலும் வாசிக்க என்னிடம்தான் வர வேண்டும். மதினிக்கு, என் அண்ணன் மனைவி செல்லக்கனிக்கு, ஓர் எழுத்தும் தெரியாது. ஆனால் வாய் உண்டு. வேலி தாண்டுகிற ஆட்டைக்கூடப் பேசியே திருப்பிவிடுவாள்.

எமர்ஜென்சி முடிந்து சில வருடங்களில் எங்கள் காலனிக்குப் பெண்கள் சங்கம் வந்தது. பழங்காநத்தத்திலிருந்து சரோஜா அக்கா பஸ் ஏறி வந்து பெண்களைக் கூட்டி உட்கார வைப்பார். ரோட்டோரப் புளியமரங்களை வருடா வருடம் ஏலம் விடுவார்கள். வசதியான குத்தகைக்காரர் ஒருவர்தான் எப்போதும் எடுப்பார். எங்கள் பெண்கள் அவருக்குக் கூலிக்குப் பழம் பொறுக்கி, ஓடு உடைத்து, கொட்டை எடுத்து, விரல் வெடித்துக் கிடப்பார்கள். “வேலை பூராவும் நீங்கதான செய்றீங்க? மரத்தையும் நீங்களே சேர்ந்து எடுத்தா என்ன?” என்று அக்கா கேட்டார். அதற்கு முன் எங்களை அப்படி ஒருவரும் கேட்டதில்லை.

விண்ணப்பம் எழுதியது நான். பெண்களுக்குக் கையெழுத்துப் போடக் கற்றுக்கொடுத்தது நான். மதினி என்னை ‘டீச்சரம்மா’ என்று கேலி பேசத் தொடங்கியதும் அதிலிருந்துதான். ஏலத்தில் கேட்கப் போவதும் நான்தான் என்று சேலைக்குக் கஞ்சி போட்டு வைத்திருந்தேன். கூட்டத்தில் “யார் ஏலம் கேக்குறது?” என்று அக்கா கேட்டதும் எல்லாக் கையும் மதினி பக்கம் நீண்டது.

“எஸ்தரு மெதுவாப் பேசுவா. ஏலத்துக்குச் செல்லக்கனி வாய்தான் சரி” என்று சொன்னது யார் தெரியுமா? என்னைப் பெற்ற அம்மா.

ஏலத்தன்று குத்தகைக்காரர் எங்களைப் பார்த்துச் சிரித்தார். “ஏம்மா, மரத்தைப் பூராவும் நீங்க எடுத்துக்கிட்டா நாங்க எங்கிட்டுப் போறது?”

மதினி இடுப்பில் கை வைத்தாள். “நெழலு பூராவும் ஒங்களுக்குத்தான் அண்ணே. துண்டை விரிச்சுப் படுங்க. பழம் மட்டும் எங்களுக்கு.”

கூடியிருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். மரம் எங்களுக்கு வந்தது. அன்றிலிருந்து குழாயடியிலும் மாவு மில்லிலும் அந்த நிழல் பேச்சுதான். நான் எழுதிய விண்ணப்பத்தைப் பற்றி ஒருவரும் பேசவில்லை.

ஈஸ்டருக்கு முந்தின லெந்து நாட்கள் வந்தன. பழம் உலுக்குகிற காலமும் அதுதான். சங்கத்துக்கு உதவுகிறவர்கள் மதுரையிலிருந்து எங்களைப் பார்க்க வருவதாக அக்கா சொல்லி அனுப்பினார். அவர்கள் முன்னால் பேச நான் எழுதி மனப்பாடம் செய்து வைத்தேன். மதினியோ ஒரு நாள் காலையில் தலை சீவிக்கொண்டே, “நெழலு கதையச் சொல்லச் சொல்லி அக்கா சொல்லிவிட்டுச்சு” என்றாள்.

“இந்தத் தடவை நான்தான் பேசுவேன்.”

“நீ பேசுனா கோயில்ல அறிக்கை வாசிக்கிற மாதிரியில்ல இருக்கும் டீச்சரம்மா? வந்தவுக தூங்கிருவாக.”

“தூங்கினா தூங்கட்டும். படிச்சவ பேசுறதுதான் முறை.”

மதினியின் முகம் மாறியது. சாக்கையும் கூடையையும் எடுத்தாள். “பேசு. நீயே பேசு. நான் போறேன்.”

எங்கள் பக்கம் வாசல் தாண்டுகிறவர்கள் அந்த வார்த்தையைச் சொல்ல மாட்டார்கள். உப்பு வாங்கப் போனாலும் ‘போயிட்டு வாரேன்’தான். கோபித்துக்கொண்டு தாய்வீடு போகிறவள்கூட ‘வாரேன்’ என்றுதான் சொல்லிப் போவாள். “ஏ செல்லக்கனி, வாரேன்னு சொல்லிட்டுப் போடி!” என்று அம்மா அடுப்படியிலிருந்து கத்தினார். மதினி திரும்பவில்லை.

மரம் உலுக்க ஒப்புக்கொண்ட ஆள் அன்று வரவில்லை. மதினியே ஏறினாள். காய்ந்த கிளை. மதியத்துக்குள் செய்தி வீட்டுக்கு வந்துவிட்டது.

தலையில் அடி. தொடை எலும்பு முறிவு. ரோட்டில் போன லாரியை மறித்து மதுரைக்குக் கொண்டுபோனோம். நினைவு திரும்பினால்தான் எதையும் சொல்ல முடியும் என்றார் டாக்டர். அண்ணன் சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிட்டான். சரோஜா அக்கா சௌராஷ்டிரக் குடும்பத்துப் பெண், எங்கள் சபைக்காரர் அல்ல. அவர் திருப்பரங்குன்றம் போய் மதினிக்காக வேண்டிக்கொண்டு வந்தாராம். இந்தப் பக்கம் எங்கள் போதகர் கண்ணீரோடு ஜெபித்தார். எல்லாப் பக்கமும் அவளுக்குத்தான் வேண்டுதல்! போதகரின் ஜெபத்துக்கு என்னால் ஆமென் சொல்ல முடியவில்லை. என் ஜெபம் வேறாக இருந்தது. தூணைப் பிடித்துக்கொண்டு சொன்னேன்:

“ஆண்டவரே, எனக்கு இவளைப் பிடிக்காது. எனக்கு வரவேண்டியதை எல்லாம் இவள் எடுத்துக்கொண்டாள். இப்போது இவள் செத்துப்போனால் நான் எந்தக் காலத்திலும் இவளை ஜெயிக்க முடியாது. காலனி இவள் பேரையே சொல்லி அழுதுகொண்டிருக்கும். இவளை எடுத்துக்கொள்ளாதேயும். போறேன் என்று சொன்ன அதே வாயால் வாரேன் என்று சொல்ல வையும். அது என் காதில் விழ வேண்டும்.”

இந்த ஜெபம் அம்மாவின் காதில் விழுந்துவிட்டது. “என்னடி, ஆண்டவர்ட்ட இப்படியா கேப்பாக? கோள் சொல்ற மாதிரியில்ல இருக்கு!”

“எனக்கு இப்படித்தான் வருதும்மா.”

வேறு மனம் என்னிடம் இல்லை. இருந்த மனதைக் கொடுத்தேன். ஒவ்வொரு நாளும் அதையே கேட்டேன். இதற்கிடையில் மதுரைக்காரர்கள் வந்து போனார்கள். நான் ஆசைப்பட்ட மேடை எனக்குக் கிடைத்தது.

குருத்தோலை ஞாயிறு நெருங்கும்போது மதினி கண் திறந்தாள். நான்தான் பக்கத்தில் இருந்தேன். உதடு அசைந்தது. குனிந்தேன்.

“டீச்சரம்மா... பேசுனியா?”

“பேசினேன். நீ சொன்ன மாதிரியே தூங்கிட்டாக. கடைசியில நெழலு கதையத்தான் கேட்டாக.”

“சொன்னியா?”

“சொன்னேன். ஒன்னைய மாதிரி வரல.”

“பின்ன? வருமாக்கும்?” என்று சிரிக்கப் பார்த்து, வலியில் முகம் சுளித்தாள்.

ஆபத்து அதோடு முடியவில்லை. காலில் ஆபரேஷன் செய்ய வேண்டும், உடம்பு தாங்குமா என்று பார்க்கலாம் என்றார்கள். ஆபரேஷன் அன்று அவளைத் தள்ளுவண்டியில் கொண்டுபோனபோது எல்லோரும் கூடவே அழுதுகொண்டு போனார்கள். நான் பின்னால் நின்றேன். கதவருகே வண்டி நின்றது. மதினி தலையைத் திருப்பித் தேடினாள்.

“ஏ புள்ள எஸ்தரு!”

“என்ன மதினி?”

“போயிட்டு வாரேன்.”

கதவு மூடியது. என் ஜெபத்தை அவளிடம் சொன்னாயா என்று அம்மாவைக் கேட்டேன். சத்தியமாகச் சொல்லவில்லை என்றார். உள்ளே என்ன நடக்குமோ என்று மற்றவர்கள் தவித்தார்கள். எனக்குப் பயமே இல்லை. கேட்ட வார்த்தை வந்துவிட்டது. அவள் வருவாள் என்று தெரிந்துவிட்டது. வந்தாள்.

அவர் நாமத்துக்கு என் நன்றி. மதினி இப்போது ஊன்றுகோலோடு நடக்கிறாள். மரத்தடியில் உட்கார்ந்தபடியே வேலையைப் பார்த்துக்கொள்கிறாள். இந்த வருடமும் மரம் சங்கத்துக்குத்தான். பழைய குத்தகைக்காரரே நிழலில் வந்து உட்கார்ந்து அவளோடு வம்பளந்துவிட்டுப் போகிறார். அவள் இல்லாவிட்டால் நான் பெரிய ஆளாகிவிடுவேன் என்று இருந்தேன். அவள் இருக்கிற இடத்திலேயே ஆகிக்காட்ட வேண்டும் என்று இப்போது இருக்கிறேன்.

சபையில் அவள் சாட்சி சொன்னாள். எல்லோரும் அழுதார்கள், நிழல் கதைக்குச் சிரித்தார்கள். அதில் என் ஜெபம் வரவில்லை. அவளுக்குத்தான் தெரியாதே! அதனால்தான் நான் எழுதுகிறேன். எழுதுவது அவளுக்கு வராது. ஆனால் போன வாரம், எழுத்துச் சொல்லிக்கொடு என்று கேட்டு உட்கார்ந்துவிட்டாள். ‘அ’ போட்டாள். என்னுடையதைவிட அழகாக இருந்தது. வயிறு எரிந்தது.

அன்பானவர்களே, மனம் சுத்தமான பிறகு ஜெபிக்கலாம் என்று காத்திருக்காதீர்கள். எரிகிற வயிற்றோடேயே போய் நில்லுங்கள். அவர் முகம் சுளிக்க மாட்டார். எனக்குச் சுளிக்கவில்லை.

இதோ, மதினி வாசல் தாண்டுகிறாள். “டீச்சரம்மா, போயிட்டு வாரேன்!”

“வா மதினி” என்கிறேன். மெதுவாக அல்ல. ஏலம் கேட்கிற சத்தத்தில்.